பிரஸ் டபுள் ஸ்ட்ரோக் அடிக்குது, வாயால சொன்னா எவனும் கேக்கல. எப்படி ரிப்போர்ட் பண்றது?

ஷிப்ட்_பி | செவ்வாய் இரவு 11:48

எல்லாருக்கும் வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு பிரஸ் ஷாப்ல காண்ட்ராக்ட்ல இருக்கேன், கம்பெனி பேரு வேணாம், பிரஸ் மெஷின்ல தகட்ட அடிச்சு வண்டிக்கு ப்ராக்கெட் செய்ற எடம், காண்ட்ராக்ட் பசங்களயும் சேத்தா நாப்பது அம்பது பேரு இருப்போம். நான் குவாலிட்டி செக்கிங், பிரஸ் ஓட்டுறவன் இல்ல, ஆனா மூணாவது பிரஸ்ஸுக்கு எதிர்லதான் என் டேபிள். அது பழைய கீ க்ளட்ச் டைப், கால் பெடல். கொஞ்ச நாளா பெடல ஒரு தடவ மிதிச்சா சில சமயம் ரேம் (மேல இருந்து இறங்கி அடிக்கிற பாகம்) ரெண்டு தடவ இறங்குது. எப்பவும் இல்ல, எப்பவாவது. பயமே அதுதான், எப்பவும் இறங்கினா எவனும் கைய வெக்க மாட்டான். ஓட்டுறது ஒரு பீகார் பையன், பீஸ் டைல (அச்சுல) ஒட்டிக்கிச்சுன்னா கையாலதான் எடுக்கிறான்.

சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன், "பாத்து ஓட்ட சொல்லுப்பா"ன்னுட்டு போயிட்டார். மெயின்டனன்ஸ் அண்ணன் "ப்ரொடக்‌ஷன்ல மெஷின குடுத்தாத்தானே நான் கழட்ட முடியும்"ங்கிறார். யார்கிட்ட எப்படி சொன்னா வேலை நடக்கும்? என் பேரு வெளிய வந்தா காண்ட்ராக்டர் மறுநாளே கேட்டுக்கு வெளிய நிறுத்திடுவான், அது தெரிஞ்சுதான் கேக்குறேன்.

மடிப்பாக்கம்_மச்சி | புதன் காலை 7:15

தல, லைட் கர்ட்டன் சென்சார் போட சொல்லுங்க, கை உள்ள போனா மெஷின் டக்குனு நின்னுடும், எங்க பிளான்ட்ல எல்லா பிரஸ்லயும் இருக்கு. சிம்பிள்.

ஒரகடம்_சேஃப்டி | புதன் காலை 8:02

மச்சி, கோச்சுக்காதீங்க, இந்த மெஷினுக்கு அது ஆபத்தான ஐடியா. உங்க பிளான்ட்ல இருக்கிறது நியூமேட்டிக் க்ளட்ச்சா (காத்து அழுத்தத்துல வேலை செய்றது) இருக்கும், அத எந்த எடத்துலயும் நிறுத்தலாம். கீ க்ளட்ச் அப்படி இல்ல. பெடல மிதிச்சதும் கீ, சுத்திட்டே இருக்கிற ஃப்ளைவீல் சக்கரத்தோட கோத்துக்கும், அப்புறம் ரேம் ஒரு முழு சுத்து போயிட்டு மேல வந்துதான் நிக்கும், நடுவுல நிறுத்த வழியே கிடையாது. லைட் கர்ட்டன் சிக்னல் குடுக்கும், கேக்குறதுக்கு மெஷின்ல ஆள் இருக்காது. அதவிட மோசம், கர்ட்டன் இருக்குன்னு நம்பி பையன் தைரியமா கைய விடுவான்.

கீ க்ளட்ச்சுக்கு முக்கியமா வழி ரெண்டு. கை உள்ள போகவே முடியாத மாதிரி டைய சுத்தி ஃபிக்ஸட் கார்டு (கழட்டாத தடுப்பு), பீஸ் போக மட்டும் சந்து. இல்லேன்னா கார்டு மூடினாத்தான் பெடல் வேலை செய்ற மாதிரி இன்டர்லாக். கூடவே கொறடு, காந்தம் வெச்ச குச்சி, எதுவோ ஒண்ணு, கை மட்டும் டைக்குள்ள போகக் கூடாது.

டபுள் ஸ்ட்ரோக் வர்றதுக்கு காரணம் பெரும்பாலும் கீ முனை மழுங்கிப் போயிருக்கும், இல்ல ரிட்டர்ன் ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கும், இல்ல ப்ரேக் லைனர் தேஞ்சு ரேம் மேல நிக்காம வழுக்கும். மூணுமே கழட்டிப் பாத்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் மெஷின் ஓடக் கூடாது, "பாத்து ஓட்டு"ங்கிறதெல்லாம் பேச்சே இல்ல.

பட்டறை_முதலாளி | புதன் காலை 9:40

சேஃப்டி சார் சொல்றது எல்லாம் கரெக்ட், பேப்பர்ல. நானும் ஒரு சின்ன யூனிட் வெச்சிருக்கேன், கிண்டி பக்கம். ஒரு பீஸுக்கு எங்களுக்கு வர்ற ரேட்டு என்னன்னு தெரியுமா, தகட்டுக் காயில் விலை ஏறினா கேக்க முடியாது, கரண்ட் பில் ஏறினா கேக்க முடியாது, சாயந்திரம் அஞ்சு மணிக்கு லோடு போகலைன்னா மட்டும் பெனால்ட்டி. மெஷின நிறுத்துன்னு சொல்றது ஈஸி, அந்த அஞ்சு மணி வண்டிக்கு யாரு பதில் சொல்றது? ஓனர் எல்லாம் ராட்சசன் மாதிரி பேசாதீங்க.

ஒரகடம்_சேஃப்டி | புதன் காலை 10:05

ராட்சசன்னு யாரும் சொல்லல சார். ஆனா அந்த பையனுக்கு ரெண்டு விரல் போச்சுன்னா அன்னிக்கும் அஞ்சு மணி வண்டி போகாது, மறுநாளும் போகாது.

பாடி_பெருசு | புதன் மதியம் 1:20

தம்பி ஷிப்ட்_பி, நான் ரிட்டயர்டு, யூனியன்ல ரொம்ப வருஷம் இருந்தவன். சட்டம் என்ன சொல்லுதுன்னு மொதல்ல தெரிஞ்சுக்கோ, அப்புறம் பயப்படலாம்.

1948 ஃபேக்டரீஸ் ஆக்ட்ல 111ஏ-ன்னு ஒரு செக்‌ஷன் இருந்துச்சு. பாதுகாப்பு ஏற்பாடு சரியில்லேன்னா தொழிலாளி நேரா இன்ஸ்பெக்டர்கிட்டயே சொல்லலாம்னு அதுல உரிமையாவே எழுதியிருந்தது. அபாயகரமான ப்ராசஸ் நடக்குற ஃபேக்டரிக்கு 41ஹெச்-னு தனியா ஒண்ணு, உயிருக்கு உடனடி ஆபத்துன்னு தோணினா சொல்ற உரிமை. இதெல்லாம் சும்மா வரல, 1987 திருத்தத்துல வந்தது, போபாலுக்கு அப்புறம். போபால்ல 84-க்கு முன்னாடியே தொழிலாளிங்க சொல்லிப் பாத்தாங்க, ராஜ்குமார் கேஸ்வானின்னு ஒரு பத்திரிகைக்காரர் 1982-லயே ஊருக்கு ஆபத்துன்னு எழுதினார், எவனும் காதுல போட்டுக்கல.

இப்ப 2025 நவம்பர் 21-ல இருந்து புது லேபர் கோடு (தொழிலாளர் சட்டத் தொகுப்பு) அமல்னு அறிவிச்சுட்டாங்க, நம்பர் எல்லாம் மாறிடுச்சு. தொழில்சார் பாதுகாப்பு கோடுல 13-ஆவது பிரிவுல ஆபத்தப் பாத்தா சொல்ல வேண்டியது தொழிலாளியோட கடமைன்னே போட்டிருக்கு, 14-ல உடனடி ஆபத்துன்னா முதலாளிகிட்டயும் அதே நேரத்துல இன்ஸ்பெக்டர்கிட்டயும் சொல்லலாம்னு இருக்கு. கரண்ட்ல ஓடுற எடத்துல 20 பேர் இருந்தா ஃபேக்டரி, உங்க எடம் அதுக்குள்ள வந்துடும். காண்ட்ராக்ட்ங்கிறதால நீ தொழிலாளி இல்லேன்னு ஆகிடாது.

தமிழ்நாட்டுல இதுக்குன்னு இருக்கிற ஆபீஸ் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், தலைமை ஆபீஸ் கிண்டி திரு.வி.க. எஸ்டேட்ல. பழைய ஆளுங்க இன்னும் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ்னுதான் சொல்லுவோம். அங்க எழுதிக் குடுக்கலாம், இல்ல 1100-க்கு போன் போட்டு முதல்வர் ஹெல்ப்லைன்ல மனுவா பதிஞ்சா அங்கதான் திருப்பி விடுவாங்க.

ஷிப்ட்_பி | புதன் மதியம் 1:55

ரொம்ப நன்றிங்கய்யா. ஆனா இன்ஸ்பெக்டர்கிட்ட போனா என் பேரு ஓனருக்கு போகாதா?

பாடி_பெருசு | புதன் மதியம் 2:10

புகார் யார் குடுத்தாங்கன்னு சொல்லக் கூடாது. ஐ.எல்.ஓ-வோட (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) 81-ஆவது கன்வென்ஷன், இந்தியா 1949-லயே கையெழுத்து போட்டது, அதுல இன்ஸ்பெக்டர் புகார்தாரர் யாருன்னு ரகசியமா வெக்கணும்னு தெளிவா இருக்கு. நடைமுறைன்னு கேட்டா, நாப்பது பேர் இருக்கிற எடத்துல யாரு சொன்னதுன்னு கண்டுபிடிக்க ஓனருக்கு டீ குடிக்கிற நேரம் போதும். அதனாலதான் தனியா போகாதன்னு சொல்றேன். நாலு பேரா எழுதுங்க.

மணலி_வெல்டர் | புதன் மாலை 6:33

நாலு பேரு சேர்றதுக்குள்ள ஆளு பூடுவான் பெருசு. எங்க சைடு இன்னா நடக்குது தெரியுமா, டேங்க் க்ளீனிங்னு காண்ட்ராக்ட்ல இட்டுகினு போவான், மேன்ஹோல தொறந்து வெச்சுட்டு "நாத்தம் கீதா பாரு"ம்பான். அதான் செக்கிங்கே. ஒரு தபா நம்ம பையன் ஒருத்தன் மூஞ்ச உள்ள விட்டு மோந்து பாத்துட்டு "மொதல்ல முட்ட நாத்தம் வந்துச்சு, இப்ப இல்லண்ணே, கேஸ் பூட்டுச்சு"ன்னான். நான் சட்டையப் புடிச்சு இழுத்துட்டேன். ஹெச்டூஎஸ் நைனா அது, ஹைட்ரஜன் சல்ஃபைடு வெச கேஸு. ஜாஸ்தி ஆச்சுன்னா மூக்கு மரத்துப் பூடும், நாத்தம் நின்னுச்சுன்னா கேஸ் போச்சுன்னு அர்த்தம் இல்ல, உன் மூக்குதான் போச்சு.

ஒரகடம்_சேஃப்டி | புதன் இரவு 7:10

மணலி அண்ணன் சொன்னத எல்லாரும் ரெண்டு தடவ படிங்க. 100 பிபிஎம் (பத்து லட்சத்துல 100 பங்கு) பக்கத்துல போனாலே கொஞ்ச நேரத்துல வாசன தெரியாம போயிடும், அந்த அளவே உயிருக்கு ஆபத்துன்னு வெச்சிருக்கிற லிமிட். அது காத்தவிட கனம், அடில தங்கும். அதனால மீட்டர கயிறுல கட்டி மேல, நடுவுல, அடில மூணு எடத்துலயும் பாக்கணும். ஆக்சிஜன் சாதாரணமா 20.9 சதவீதம், 19.5-க்கு கீழ இறங்கினா உள்ள போகக் கூடாது. பத்திக்கிற கேஸ் எல்இஎல்ல (தீப்பிடிக்க வேண்டிய குறைஞ்சபட்ச அளவு) 10 சதவீதத்தத் தாண்டினாலும் கூடாது. பாத்துட்டு உள்ள இறங்கின பிறகும் மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கணும், கசடக் கிளறினா அதுல இருந்து புதுசா கேஸ் வரும்.

இன்னொண்ணு, உள்ள ஒருத்தன் விழுந்துட்டான்னா மேல நிக்கிறவன் உடனே குதிப்பான், அண்ணன் தம்பின்னா கேக்கவே வேணாம். செப்டிக் டேங்க் செய்தி எத எடுத்துப் பாருங்க, ரெண்டு பேர், மூணு பேர்னுதான் இருக்கும், பாதி பேர் காப்பாத்தப் போனவங்க. மேல முக்காலி, ஆள தூக்குற வின்ச், உடம்புல மாட்ற ஹார்னஸ் பெல்ட்ல கயிறு மாட்டின ஆளு, இதெல்லாம் இல்லேன்னா வேலையே ஆரம்பிக்கக் கூடாது.

மணலி_வெல்டர் | புதன் இரவு 7:41

சார் நீங்க சொல்றது மெயின் கம்பெனில கீது. சப் காண்ட்ராக்டுக்கு சப் காண்ட்ராக்ட்ல முக்காலி இல்ல, டீ கட முக்காலிதான் கீது.

ஓஎம்ஆர்_ஐடி | புதன் இரவு 9:25

சம்பந்தம் இருக்கான்னு தெரியல, இருந்தாலும் கேக்குறேன். எங்க ஆபீஸ்ல ஹசார்ட் (ஆபத்து) ரிப்போர்ட் பண்ண ஆப் இருக்கு, ஒவ்வொரு டீமும் மாசத்துக்கு இத்தன நியர் மிஸ் (மயிரிழைல தப்பிச்ச சம்பவம்) போட்டே ஆகணும்னு டார்கெட். ஹெச்ஆர் ஒரு முக்கோணம் படம் போட்டு காட்டினாங்க, 300 சின்ன சம்பவம், 29 சின்ன காயம், 1 பெரிய காயம், அதனால கீழ இருக்கிற 300-ஐ குறைச்சா மேல இருக்கிற ஒண்ணு வராதுன்னு. இப்ப எல்லாரும் மாசக் கடைசில "பேன்ட்ரில தண்ணி சிந்தியிருந்தது"ன்னு அள்ளிப் போடுறோம். டார்கெட் க்ரீன் ஆயிடுது. ஆனா அஞ்சாவது மாடில ஃபயர் டோர் எப்பவும் தொறந்தே இருக்கு, மூடாம இருக்க ஃபயர் எக்ஸ்டிங்விஷரையே முட்டு குடுத்து வெச்சிருக்காங்க. அத ஒருத்தனும் ரிப்போர்ட் பண்ணல, ஏன்னா எல்லாரும் அந்த வழியாதான் சிகரெட் பிடிக்கப் போறான்.

ஒரகடம்_சேஃப்டி | புதன் இரவு 10:30

நீங்க சொன்னதுலதான் விஷயமே இருக்கு. கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

அந்த முக்கோணம் ஹெய்ன்ரிச்னு ஒருத்தர் 1931-ல போட்டது, இன்ஷூரன்ஸ் கம்பெனில வேலை பாத்தவர். அந்த நம்பர இன்னிக்கு யாரும் அப்படியே எடுத்துக்கிறதில்ல. வழுக்கி விழுறத குறைச்சா வழுக்கி விழுறதுதான் குறையும், டேங்க் வெடிக்கிறது குறையாது. 2005-ல அமெரிக்கால டெக்சாஸ் சிட்டி ரிஃபைனரி வெடிச்சு 15 பேர் செத்தாங்க, தனிநபர் காயக் கணக்கு அங்க நல்லாத்தான் இருந்தது. எண்ணிக்கைக்கு டார்கெட் வெச்சா எண்ணிக்கை வரும், அவ்ளோதான்.

அப்ப ஹசார்ட எப்படித்தான் கண்டுபிடிக்கிறது? ஆடிட்காரன் செக்லிஸ்ட்டோட வருவான், ஹெல்மெட் இருக்கா, மஞ்சக் கோடு இருக்கான்னு டிக் அடிப்பான். என் கிட்ட புதுசா சேர்ற பசங்ககிட்ட நான் சொல்றது வேற: ஃப்ளோர்ல ஒரு ரவுண்டு போ, எங்கெல்லாம் கயிறு, கம்பி, டேப், ரப்பர் பேண்ட், அட்டை சொருகி வெச்சிருக்கோ அங்க நில்லு. எல்லை தாண்டினா மெஷின நிறுத்துற லிமிட் ஸ்விட்ச்ச இன்சுலேஷன் டேப் போட்டு அமுக்கி வெச்சிருப்பான். ரெண்டு கையாலயும் அமுக்கினாத்தான் ஓடுற பட்டன்ல ஒரு பட்டனுக்கு குச்சி சொருகியிருப்பான். எம்சிபி (கரண்ட் ஜாஸ்தியானா தானா ஆஃப் ஆகுற ஸ்விட்ச்) அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு அத பைபாஸ் பண்ணி கம்பி கட்டியிருப்பான். கன்வேயர் எமர்ஜென்சி கயிறு தளர்ந்து தரையில கெடக்கும். உங்க ஃபயர் டோர் எக்ஸ்டிங்விஷரும் அதே ஜாதி. ஒருத்தன் வேலைய முடிக்க முடியாம திணறி, தானா ஒரு வழி பண்ணிக்கிட்ட எடம் அது. "ஏன்டா டேப் போட்ட"ன்னு திட்டினா நாளைக்கு கண்ணுக்குத் தெரியாத எடத்துல போடுவான். "இது இல்லேன்னா உனக்கு என்ன கஷ்டம்"னு கேட்டுப் பாருங்க, அந்த கார்டு இருந்தா ஸ்கிராப் எடுக்க முடியல, ஒரு பீஸுக்கு இத்தன செகண்ட் போகுது, இன்சென்டிவ் போகுதுன்னு சொல்லுவான். ஹசார்ட் அங்கதான் உக்காந்திருக்கு.

ஐடி தம்பி, அந்த கதவுக்கு ரிப்போர்ட் போடும்போது "ஃபயர் டோர் தொறந்திருக்கு"ன்னு மட்டும் போடாதீங்க. நாலு தடவ மூடுவாங்க, அஞ்சாவது தடவ தொறந்துதான் இருக்கும். மாடிக்கு போக வேற வழி தரணும், இல்லேன்னா அலாரம் அடிச்சா தானா விடுற மேக்னட் ஹோல்டர் போடணும்னு கேளுங்க.

உஸ்மான்ரோடு_அக்கா | புதன் இரவு 11:12

நான் ஒரு ஜவுளிக் கடைல சேல்ஸ்ல இருக்கேன். எங்களுக்கெல்லாம் மெஷின் இல்ல, டேங்க் இல்ல, ஆனா காலைல வந்து நின்னா ராத்திரி வரைக்கும் நின்னுகிட்டே இருக்கணும், நரம்பு சுருட்டிக்கிட்ட கால எங்க செக்‌ஷன்ல நாலு பேர்கிட்ட காட்டலாம். இது ஹசார்ட்ல வருமா வராதா? 2021-ல தமிழ்நாடு கடைகள் சட்டத்த திருத்தி உக்கார நாற்காலி குடுக்கணும்னு சட்டமே போட்டாங்க. நாற்காலி வந்துச்சு. ஸ்டூல் மாதிரி ஒண்ணு, கவுன்டருக்கு அடில இருக்கு, அதுமேல கட்டைப் பை அடுக்கி வெச்சிருக்காங்க. கஸ்டமர் இல்லாதப்ப உக்காந்தா ஃப்ளோர் மேனேஜர் ஒண்ணும் சொல்ல மாட்டார், ஆனா சாயந்திரம் வேற செக்‌ஷனுக்கு மாத்திடுவார், துணி மடிக்கிற எடத்துக்கு. யாருகிட்ட என்னன்னு ரிப்போர்ட் பண்றது, அவரு எழுத்துல ஒண்ணும் தப்பு பண்ணலையே.

பாடி_பெருசு | வியாழன் காலை 6:50

வரும்மா, கண்டிப்பா வரும். கடைகளுக்கு இன்ஸ்பெக்டர் தொழிலாளர் துறை, ஃபேக்டரி ஆபீஸ் இல்ல, அத மாத்திக் குடுத்துடாதீங்க. எழுதும்போது உக்கார விடலைன்னு எழுதாதீங்க, அவங்க ஸ்டூல காட்டிடுவாங்க. ஸ்டூல் மேல சரக்கு அடுக்கியிருக்கு, உக்காந்த அன்னிக்கு இன்னாரு செக்‌ஷன் மாத்தினாங்கன்னு தேதியோட எழுதி வெச்சுக்கிட்டே வாங்க. சம்பளம் 21,000-க்குள்ளன்னா இ.எஸ்.ஐ இருக்கும், கால் வலிக்கு டிஸ்பென்சரில காட்டி சீட்டு வாங்கி வெச்சுக்கோங்க, நிக்கிற வேலைன்னு டாக்டர்கிட்ட சொல்லி எழுதச் சொல்லுங்க.

ஷிப்ட்_பி தம்பி, ராத்திரி பூரா யோசிச்சேன். நீ குவாலிட்டிதான? ரெண்டு தடவ அடி வாங்கின பீஸ் எப்படி இருக்கும்?

ஷிப்ட்_பி | வியாழன் காலை 7:05

பீஸ் கொஞ்சம் நகர்ந்திருந்தா மார்க் ரெட்டையா விழும்யா, வளைவு கிட்ட லேசா நசுங்கும். நான் தள்ளி வெச்சுடுவேன்.

பாடி_பெருசு | வியாழன் காலை 7:12

தள்ளி வெக்காத. ரிஜெக்ட் போடு. டபுள் ஹிட் மார்க்னு எழுது, எந்த மெஷின், எந்த ஷிப்ட், எத்தன மணி. பீஸ டேக் கட்டி ரெட் பின்ல (ரிஜெக்ட் பீஸ் போடுற டப்பா) போடு. அது உன் வேலை, உன்ன எவனும் காட்டிக் குடுக்குறவன்னு சொல்ல முடியாது. இந்த பீஸ் கஸ்டமர் லைனுக்கு போனா என்ன ஆகும்னு உங்க ஓனருக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

பட்டறை_முதலாளி | வியாழன் காலை 8:30

பெருசு, நீங்க எங்க பக்கம் மேனேஜரா வந்திருக்கணும். உண்மைய சொல்றேன், சேஃப்டின்னு வந்தா "அப்புறம் பாப்போம்"னு வாயில வரும், கஸ்டமர் கம்ப்ளைன்ட் வரும்னா அன்னிக்கு ராத்திரியே க்ளட்ச்ச கழட்டிடுவேன். நல்லதுன்னு சொல்லல, இருக்கிறது அப்படி.

ஒரகடம்_சேஃப்டி | வியாழன் காலை 8:55

ஐடியா சூப்பர், ஒரு பயம் மட்டும். குவாலிட்டி ரிஜெக்ட்னு மட்டும் போனா "நூறு சதவீதம் செக் பண்ணி பிரிச்சுடு"ன்னு இன்னொரு ஆளப் போட்டுட்டு மெஷின ஓட்டிட்டே இருப்பாங்க. பீஸ் பிரியும், விரல் பிரியாம இருக்கணுமே. அதனால ரிஜெக்ட் நோட்லயே காரணத்த எழுதுங்க. "பிரஸ் சரியில்ல"ன்னு எழுதினா அது குப்பைக்கு. இப்படி எழுதுங்க:

"மூணாவது பிரஸ். பெடல் ஒரு தடவ மிதிச்சா ரேம் சில சமயம் ரெண்டு தடவ இறங்குது. இன்னிக்கு காலை ஷிப்ட்ல இத்தன மணிக்கு நடந்தது, பீஸ் டேக் கட்டி வெச்சிருக்கு. ஆப்பரேட்டர் கையால பீஸ் எடுக்கிறதால விரல் போக வாய்ப்பு. க்ளட்ச் கீ, ஸ்ப்ரிங், ப்ரேக் லைனர் செக் பண்ற வரைக்கும் மெஷின் நிறுத்தணும்."

எந்த மெஷின், என்ன நடக்குது, எப்ப, நடந்தா யாருக்கு என்ன ஆகும், இப்ப என்ன செய்யணும். இதப் படிச்சுட்டு ஒருத்தன் கையெழுத்து போட்டா அவன் பொறுப்பு ஆகிடுது, அதனாலதான் வாயால சொல்றது அவங்களுக்கு ரொம்ப பிடிக்கும். சூப்பர்வைசருக்கு அதையே வாட்ஸ்அப்லயும் அனுப்புங்க, "அண்ணே நோட்டுல எழுதியிருக்கேன், ஒரு பார்வை பாருங்க"ன்னு மரியாதையா. ஃப்ளோர்ல போட்டோ எடுக்கக் கூடாதுன்னு ரூல் இருந்தா எடுக்காதீங்க, அதச் சாக்கா வெச்சே வெளிய அனுப்புவான். அசையலைன்னா அப்புறம் கிண்டி.

மடிப்பாக்கம்_மச்சி | வியாழன் காலை 9:20

லைட் கர்ட்டன் சொன்னது நான்தான், வாபஸ் வாங்கிக்கிறேன் 😅 ஒரு டவுட், ஏற்கனவே ஆக்சிடென்ட் ஆனா கம்பெனி இன்ஸ்பெக்டருக்கு சொல்லித்தான ஆகணும்? அப்ப பழைய ரெக்கார்டு இருக்கும்ல?

பாடி_பெருசு | வியாழன் காலை 9:45

48 மணி நேரத்துக்கு மேல வேலைக்கு வர முடியாத காயம்னா நோட்டீஸ் குடுக்கணும்னு ஃபேக்டரீஸ் ஆக்ட் 88-ல இருந்தது. அதுக்கு என்ன பண்ணுவான் தெரியுமா, விரல்ல கட்டு போட்ட ஆள மறுநாளே ஆட்டோ வெச்சு கூட்டிட்டு வந்து கேட் பக்கம் நாற்காலி போட்டு உக்கார வெப்பான். மஸ்டர்ல (வருகைப் பதிவேடு) ப்ரசென்ட். காயமே இல்ல. அதனால உங்க எடத்துல ரெக்கார்டு சுத்தமா இருக்குன்னா சந்தோஷப்படாதீங்க, கேட் பக்கம் சும்மா உக்காந்திருக்கிறவன் கைய பாருங்க. அந்த மாதிரி உக்காந்தவன் இ.எஸ்.ஐ-ல ஆக்சிடென்ட் ரிப்போர்ட் போகாததால பின்னாடி ஊன உதவிக்கு அலையா அலைவான். வேலைக்கு சேந்த மொத நாளே அடிபட்டாலும் இ.எஸ்.ஐ-ல வேலைக் காயத்துக்கு கவர் உண்டு, ரிப்போர்ட் போச்சான்னு கேட்டு வாங்குங்க.

ஷிப்ட்_பி | வெள்ளி இரவு 10:15

அப்டேட். நேத்து மதியம் ரெட்ட மார்க்கோட ரெண்டு பீஸ் வந்துச்சு, சேஃப்டி சார் சொன்ன மாதிரியே எழுதி டேக் கட்டி ரெட் பின்ல போட்டேன், சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப். அவர் முதல்ல "இத ஏன் இவ்ளோ பெருசா எழுதின"ன்னு சத்தம் போட்டார், அப்புறம் பீஸ கைல வாங்கி பாத்துட்டு பேசாம ப்ரொடக்‌ஷன் மேனேஜர்கிட்ட போயிட்டார். மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, இந்த பீஸ் எத்தன பாக்ஸ்ல போயிருக்கும். பையன் கைய பத்தி கேக்கல. இருந்தாலும் ராத்திரி மெஷின நிறுத்தி கழட்டிட்டாங்க.

மெயின்டனன்ஸ் அண்ணன் கீய என் டேபிள்ல கொண்டாந்து வெச்சார், முனை உருண்டு போய் சோப்பு மாதிரி இருக்கு. ரிட்டர்ன் ஸ்ப்ரிங் ஒரிஜினலே இல்ல, எப்பவோ வேற ஏதோ ஸ்ப்ரிங்க வெட்டி பைண்டிங் கம்பி சுத்தி மாட்டியிருக்காங்க. சேஃப்டி சார் சொன்ன கம்பி உள்ளயே இருந்துச்சு, வெளிய பாத்தா தெரியவே தெரியாது. அப்ப ப்ரொடக்‌ஷன் நிக்கக் கூடாதுன்னு அவசரத்துக்கு போட்டதாம், அப்படியே நின்னுடுச்சு. மத்த ரெண்டு பிரஸ்ஸையும் கழட்டணும்னு அவரே சொல்லிட்டார்.

காண்ட்ராக்டர் இன்னும் ஒண்ணும் பேசல. பாப்போம்.

ஒரகடம்_சேஃப்டி | வெள்ளி இரவு 10:40

அருமை தம்பி. கார்டு என்ன ஆச்சு? கீ மாத்தினா டபுள் ஸ்ட்ரோக் நிக்கும், கை உள்ள போறது நிக்காது.

ஷிப்ட்_பி | சனி காலை 6:20

ஆங்கிள் வெச்சு வெல்டு பண்ணி ஒரு கூண்டு மாட்டியிருக்காங்க சார். ஆனா ஸ்கிராப் வெளிய வர்ற எடத்த அடைச்சுட்டாங்க, பையன் ஒவ்வொரு பத்து பீஸுக்கும் கூண்ட கழட்டித்தான் எடுக்கிறான். ரெண்டு போல்ட்ல ஒண்ண இப்பவே மாட்றதில்ல.

ஒரகடம்_சேஃப்டி | சனி காலை 7:00

ஒரு வாரத்துல கூண்டு ஸ்கிராப் யார்டுல கெடக்கும். இன்னிக்கே பின்பக்கம் ஸ்கிராப் சரிஞ்சு விழ ஒரு சூட் (சரிவுப் பாதை) வெட்டச் சொல்லுங்க, முன்னாடி சந்து கொறடு நுழையுற அளவு, உள்ளங்கை நுழையாத அளவு. வெட்றதுக்கு முன்னாடி பையன பக்கத்துல நிக்க வெச்சு அவன் எப்படி எடுப்பான்னு செஞ்சு காட்டச் சொல்லுங்க, அவன் சொல்ற எடத்துல மார்க் போட்டு வெட்டுங்க. டை மாத்தும்போது ரேமுக்கு அடில, அது இறங்காம தாங்க சேஃப்டி பிளாக் வெக்கிறாங்களா? மெயின் ஆஃப் பண்ணாலும் ஃப்ளைவீல் கொஞ்ச நேரம் சுத்திட்டே இருக்கும், அது முழுசா நிக்கிற வரைக்கும் கைய வெக்கக் கூடாதுன்னு அவனுக்கு தெரியுமா?

ஷிப்ட்_பி | சனி காலை 7:08

தெரியாதுன்னுதான் நெனைக்கிறேன். அவனுக்கு தமிழ் வராது, எனக்கு ஹிந்தி அரைகுறை. மெஷின் நிறுத்தியிருக்கும்போது தொங்கவிட ஒரு போர்டு எழுதணும், ஹிந்தில "மெஷின் மத் சலானா" (மெஷின ஓட்டாதே) போதுமா?

மணலி_வெல்டர் | சனி காலை 7:30

ராத்திரி ஷிப்ட்ல ஒடியாக்காரன் வந்தா அத எவன் படிப்பான்? கை மேல ரேம் இறங்குற மாதிரி படம் வரைஞ்சு செகப்பு கோடு போடு. போர்டு தொங்கினாலும் எவனாவது தள்ளி விட்டு ஸ்விட்ச்ச போடுவான், மெயின் பாக்ஸ்ல பூட்டு போட்டு சாவிய மெயின்டனன்ஸ்காரரு பாக்கெட்லயே வெச்சுக்கச் சொல்லு. நல்ல பூட்டா வாங்கு, பாரீஸ் கார்னர்ல கெடைக்கும், எஸ்டேட் வாசல்ல விக்கிறது எல்லாம் ஹேர்பின்ல தொறக்கும்.